ஹார்க்கொட்டின் இரண்டாவது கதவு

இன்றைக்கு யாரோடு தேநீர் குடித்தேன் தெரியுமா? தொலைந்துபோன ஒரு கதவைக் கண்டுபிடித்தவரோடு! சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்துப் பழைய செங்கல் மண்டபத்தைத் துப்புரவாக்கும் இரத்தினவேல் அங்கிள். ஊரில் கட்டடப் படம் வரைந்தவர். ரொறன்ரோவில் ஏழு வருடமாக மொப் பிடித்துத் தரை துடைக்கிறார்.

போன மார்கழி, 1995இல், தீயணைப்புப் பரிசோதகர் வந்து, இரண்டாவது வாசல் இல்லாவிட்டால் சித்திரையோடு மண்டபத்தை மூடவேண்டும் என்றார். புதிதாகச் சுவரை வெட்டினால் கூரை தாங்காது என்றார் எஞ்சினியர். அங்கே நடக்கும் மக்டலீன் ரீச்சரின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எண்பது பிள்ளைகள். வேறு இடமே கிடைக்கவில்லை.

அந்தக் கவலையோடு வந்த ரீச்சர் ஒருநாள் ஈரத்தில் வழுக்கி விழப் பார்த்தார்.

"அண்ணை, உந்தச் சுவரடியை மட்டும் ஏன் குளமாக்கி வச்சிருக்கிறியள்?"

"நான் எங்கை ஆக்கினன்? எத்தினைதரம் துடைச்சாலும் தண்ணி அங்கைதான் ஓடுது."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து தரைப் பலகையைத் தடவினார். வாசற்படி தேய்வதுபோல நடுவில் பள்ளம்.

"ரீச்சர், உதாலை கனசனம் நடந்திருக்கு."

"சுவருக்குள்ளாலையோ? பேய் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளையள் வராதுகள்!"

அடுத்த லீவு நாளிலேயே இருவரும் நகரசபை ஆவணக்காப்பகத்துக்குப் போனார்கள். "இங்கிலீசு வாசிக்கத்தான் எனக்குக் கஸ்ரம். பிளான் வாசிக்க என்ன கஸ்ரம்?" என்று அங்கிள் என்னிடம் சிரித்தார். மண்டபத்துக்கு 1888இல் வரைந்த படம் கிடைத்தது. அதே சுவரில் அகலமான ஒரு வாசல்! கீழே கையொப்பம்: எட்வின் ஹார்க்கொட்.

ரீச்சர் பழைய பத்திரிகைகளை வாசித்துச் சொன்னார். ஹார்க்கொட் தச்சுவேலையில் தொடங்கிக் கட்டடக் கலைஞரானவர். பள்ளிக்கூடங்கள் கட்டினார், நகரசபைக்கும் தெரிவானார். பொது மண்டபம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரே ஒரு வாக்கால் தோற்றது. அடுத்த தேர்தலில் அவரும் தோற்றார். பிறகுதான் இந்த மண்டபம். இரண்டாவது வாசலை முதலாவதைவிடப் பெரிதாக வைத்தார்!

பின்னால் வந்த யாரோ அதை அடைத்திருக்கிறார்கள். எஞ்சினியர் சாந்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே செங்கல் வளைவு இன்னும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. அடைத்த கல்லை மட்டும் எடுத்தால் போதும்.

போன சனிக்கிழமை கதவு திறந்தது. பிள்ளைகள் ஒரு வாசலால் ஓடி மறு வாசலால் வந்தார்கள், மத்தியானம் வரைக்கும்! அன்று ஒருவருமே அ, ஆ எழுதவில்லை. அவர்களுக்கு முதல், மொப்போடு வெளியே போனவர் அங்கிள்தான்.

"ஹார்க்கொட் வெண்டிட்டார், ரீச்சர்!"

"நூறு வருசம் பிந்தி!"

"பிந்தினால் என்ன? ஒரு வோட்டுத்தானே குறைஞ்சது. அதை நான் போட்டிட்டன்."

வருகிற சனிக்கிழமை கட்டாயம் போய்ப் பாருங்கள். முன்வாசலால் நுழைந்து, ஹார்க்கொட்டின் வாசலால் வெளியே வாருங்கள். கால் வைக்கும்போது மட்டும் கவனம். அந்தப் பலகையை மாற்ற அங்கிள் விடவில்லை. தண்ணீர் இன்னும் அங்கேதான் நிற்கிறது!