செகப்பு மை வச்ச புளியங்கொட்டை

இத எழுத வேணாம்னுதான் ரெண்டு நாளா சும்மா கெடந்தேன். அஞ்சாப்போட நின்ன பய பள்ளிக்கூடத்தப் பத்தி எழுதுனா ஊரு சிரிக்காதா? சிரிச்சுட்டுப் போகட்டும். போன மாசம் எங்க அக்கா, மகன் கொண்டாந்த மார்க்குக் காயிதத்த எங்கிட்ட நீட்டி, "என்னடா போட்டிருக்காக?"ன்னு கேட்டுச்சு. அச்சடிச்ச காயிதம், பூராவும் இங்கிலீசு. நானும் தொண்டையச் செருமிக்கிட்டு மேலயும் கீழயும் பாத்தேன். ஒரு எடத்துல செகப்பு மையில கோடு போட்டிருந்துச்சு. அந்த மை வாசம் மூக்குல ஏறுனதும் எனக்குப் புளியங்கொட்டை ஞாபகம் வந்துருச்சு.

இருங்க, சொல்றேன். சின்னமனூருப் பக்கம் எங்க ஊருல அன்னைக்கு மார்க்கு புளியங்கொட்டையாத்தான் வீட்டுக்கு வரும். எங்க ஆத்தா அப்பனுகளுக்கு எழுத்துத் தெரியாது, எண்ணத் தெரியும். அதனால வாத்தியாரு, தாயம் ஆட உரசுற மாதிரி கொட்டைய ஒரு பக்கம் வெள்ளையா உரசி, அதுல ஒரு சொட்டுச் செகப்பு மை வைப்பாக. பத்துக்கு எத்தன மார்க்கோ அத்தன கொட்டை, துணியில முடிஞ்சு குடுத்து விடுவாக. செகப்பு மை அவுகள விட்டா ஊருல எவருகிட்டயும் கெடையாது. எங்க ஆத்தா அடுப்புக்கிட்ட ஒக்காந்து எண்ணும். கொறஞ்சா கரண்டிதான் பேசும்.

எங்கூடப் படிச்ச சீனிக்குக் கணக்குன்னா காய்ச்சல். ஆனா படிக்கணும்னு கொள்ள ஆச. எனக்குக் காய்ச்சலும் இல்ல, ஆசையும் இல்ல. அவங்கப்பா வெத்தலக் கொடிக்கால் வச்சிருந்தாரு. இந்தப் பரீச்சையில அஞ்சுக்குக் கொறஞ்சா, வெள்ளிக்கெழம கங்காணிகூட மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு அனுப்பிருவேன்னு சொல்லிட்டாரு. சொன்னாச் செய்ற மனுசன். பய முடிச்ச அவுத்தா மூணுதான் கெடக்கு.

என் கொட்டையில ரெண்டக் குடுக்கலாம்னா எனக்கே அஞ்சுதான். அதனால வாய்க்கா ஓரமா ஒக்காந்து ரெண்டு கொட்டைய உரசி, அவுக கொடிக்கால்லயே வெத்தல கிள்ளி, பாக்கு சுண்ணாம்போட மென்னு, பக்குவமா கொட்டைக்கொரு சொட்டுத் துப்புனேன். வாத்தியாரு மைய விட எடுப்பா இருந்துச்சு.

சீனி அப்பா சொளகுல கொட்டி எண்ணுனாரு. அஞ்சு. பய மூஞ்சியில உசுரு வந்துச்சு. அப்புறம் ரெண்ட மட்டும் தனியா எடுத்து மோந்து பாத்தாரு. பொறந்ததுலருந்து வெத்தலையோட கெடந்த மூக்கு, அத நான் யோசிக்கல. மெல்ல எம்பக்கம் திரும்பி, "நீ வாயத் தொற"ன்னாரு.

தொறந்தேன். வேற என்ன செய்ய.

"மூணு வாத்தியாரு போட்டது. இந்த ரெண்டும் நீ போட்டதா?"

"ஆமா சித்தப்பா. இன்னும் ரெண்டு வேணும்னாலும் போடலாம்."

சொல்லிட்டு முதுக வளைச்சுக்கிட்டேன். அடி விழல. மகனப் பாத்து, "ஏலே, நெசமாவே படிக்கணுமா ஒனக்கு?"ன்னு கேட்டாரு. பய அழுதுக்கிட்டே தலைய ஆட்டுனான். பெறகு என் கொட்டை ரெண்டையும் வெளிய வீசிட்டு, கங்காணிய வர வேணாம்னு சொல்லச் சொல்லி என்னையே அனுப்புனாரு. நான் நடக்கல, ஓடுனேன். எங்க மனசு மாறிருவாரோன்னு பயம்.

அடுத்த பரீச்சையில சீனிக்கு நாலு வந்துச்சு. நாலையும் மோந்து பாத்தாரு, எல்லாம் மைதான். "ஒண்ணு கூடியிருக்குல்ல"ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு.

இப்ப நான் கம்பத்துல சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுறேன், சீனி வாத்தியாரு. எங்க பழைய வாத்தியாரும் போயிட்டாக, கொட்டையும் போச்சு. சொளகுல கொட்டித் தானா எண்ணிப் பாத்த சனம், இன்னைக்குக் காயிதத்த வச்சுக்கிட்டு அடுத்தவன் வாயப் பாத்து நிக்குது. பொறுக்காம சீனிக்கு ஒரு கார்டு போட்டேன்: வாத்தியாரே, ஒன் பள்ளிக்கூடத்துலயும் இந்தக் கூத்துதானா? ஒங்க அப்பா மாதிரி ஒரு மனுசன் கையில இதக் குடுத்தா, மகன் தோத்தது அவருக்கு எப்படித் தெரியும்?

பதில் ஒரே வரிதான் வந்துச்சு: "தோத்த பய வீட்டுக்குக் காயிதத்துக்கு முந்தி நானே போயிருவேன்லே."