ஜெபக்கூட்டமும் இரண்டாவது மிதவையும்

எங்கள் ஹாலில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. அதை ஆசைப்பட்டு வைத்தது நான். சகித்துக்கொண்டிருப்பவர் என் கணவர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பெரிய தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், ஒரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் நீர் அதில் விழும், ஒரு பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். தினமும் கொஞ்சம் நீர் ஆவியாகும். கீழ்த்தொட்டியில் மட்டம் இறங்கியதும் ஒரு மிதவை சுவிட்ச் கன்ட்ரோலர் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும், அது இன்னொரு குட்டி பம்பை ஓட்டிக் கேனிலிருந்து நல்ல தண்ணீர் விடும். ஒரு நாள் அந்த மிதவையின் மேல் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்துகொண்டது. மிதவை எழும்பவில்லை, குட்டி பம்ப் நிற்கவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கேன் காலி, ஹால் முழுக்கத் தண்ணீர், உப்பு நீர்த்துப்போய் இரண்டு மீன்களில் ஒன்று செத்து மிதந்தது.

“இனி ஒருக்கா தரையில தண்ணி கண்டேன்னா தொட்டிய வித்துருவேன், கேட்டியா” என்றார் கணவர். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசினால் செய்துவிடுவார்.

அதனால்தான் இரண்டாவது மிதவை. முதலாவது சிக்கிக்கொண்டு மட்டம் ஏறினால், இது குட்டி பம்பை நிறுத்தி, கன்ட்ரோலரைக் கத்தவைக்கும். பத்தாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்துகிறவள் நான், அரைமணி வேலை என்று நினைத்தேன். நெய்யாற்றின்கரைக் கடையில் மொட்டைமாடித் தொட்டிக்கு மாட்டுகிற, தேங்காய் அளவுள்ள மிதவையை எடுத்து நீட்டி, “சேச்சி, இது மதி”, இதுவே போதும், என்றார்கள். கடைசியில் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறவேண்டி வந்தது.

சனிக்கிழமை முழுவதும் தலையை அலமாரிக்குள் விட்டுக்கொண்டு கிடந்தேன். இரண்டு மிதவைகளின் வயரும் கறுப்பு, எது எதனுடையது என்று தெரியவில்லை. மிதவையைத் தலைகீழாக மாட்டியிருந்ததால், நிற்கவேண்டிய நேரத்தில் குட்டி பம்ப் ஓடியது. கழற்றித் திருப்பி மாட்டினேன். அலமாரிக் கதவைச் சாத்தினால் ஒரு வயர் கழன்றது. மறுபடி முறுக்கினேன், மறுபடி கழன்றது. கழுத்து பிடித்துக்கொண்டது, யாரையாவது திட்டவேண்டும் போலிருந்தது, திட்ட ஆளில்லை. சாயங்காலம் ஒருவழியாக எல்லாம் கழறாமல் நின்றது. மிதவையை விரலால் பத்து தடவை தூக்கிப் பார்த்தேன். பத்து தடவையும் கன்ட்ரோலர் கத்தியது.

மறுநாள் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையில் முறை வைத்து வீடு வீடாக நடக்கும். கூட்டத்துக்கு முன்னால் சத்தம் போடுகிற எதையும் அணைத்துவிடுவது இங்கே வழக்கம். கணவர் டிவியை அணைத்தார், ஃப்ரிட்ஜை அணைத்தார், கடைசியாகத் தொட்டியின் பெரிய பம்பையும் அணைத்துவிட்டு முழங்காலிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன்.

பம்ப் நின்றால் மேல்தொட்டி நீர் கீழே இறங்கும். கீழே மட்டம் ஏறும். கன்ட்ரோலர் கத்தத் தொடங்கியது.

ஜெபித்தவர் குரலை உயர்த்தினார். கன்ட்ரோலரும் விடவில்லை. பக்கத்திலிருந்த வயதான அம்மச்சி ஒருவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “மக்கா, அடுப்புல குக்கரு வச்சிட்டு வந்தியா?” என்று கேட்டார். நல்ல சேலையோடு தவழ்ந்துபோய் அலமாரியைத் திறந்தேன். நீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய பம்பைப் போட்டேன். நீர் இறங்கியது, சத்தம் நின்றது. மீதி ஜெபம் பம்ப் இரைச்சலோடு நடந்தது.

சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டு எல்லோரும் போனபின் கணவர் சொன்னார்: “சபைக்கு முன்ன தலைய நிமித்த முடியல்ல. தொட்டிய எடுக்க நாளைக்கே ஆள வரச்சொல்லுகேன்.”

“தரையில தண்ணி உண்டா? தொட்டுப் பாருங்க.”

“சத்தம் போட்டுதே.”

“பம்ப அணைச்சது ஆரு?”

“ஜெபத்துக்கு முன்ன அணைக்கியதாக்கும் மொற. டிவி போலத்தான இதும்.”

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான். கோபத்தில் பாதி என் மேலேயே. கரண்டு போனால் எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உடனே எடுத்துக்கொள்ளும், அதனால் அந்த பம்ப் நின்று நான் பார்த்ததே இல்லை. பத்து தடவை விரலால் தூக்கிப் பார்த்தவளுக்கு, ஒரு தடவை பம்பை நிறுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. திங்கள்கிழமை சுற்றிலும் பழந்துணி போட்டு நிறுத்திப் பார்த்தேன். நீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. புது மிதவையைப் பொருத்தும்போது பழையதைக் கொஞ்சம் மேலே ஏற்றி மாட்டியிருக்கிறேன், அதனால் கீழ்த்தொட்டியில் எப்போதும் நீர் கூடுதலாக நின்று, மேலிருந்து இறங்குவதற்கு இடமில்லாமல் போயிருக்கிறது. அன்று கன்ட்ரோலர் கத்தாமலிருந்தால் சபையார் முழங்காலடியில் வெள்ளம்தான்.

இரண்டு மிதவைகளையும் இறக்கி மாட்டிவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லவேளை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“கத்தாம இருந்திருந்தா அண்ணைக்கே தொட்டிக்கு ஒரு முடிவு ஆயிருக்கும்” என்றார்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தொட்டியை எடுக்க ஆள் எப்போது வரும் என்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் வண்டி ஏதும் இல்லை. தொட்டி அதே இடத்தில் இருந்தது. பெரிய பம்பின் சுவிட்சின் மேல் குறுக்கே டேப் ஒட்டியிருந்தது. அதில் அவர் கையெழுத்தில் ‘அணைக்காதே’ என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு முன் அந்த சுவிட்சை அணைக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.