வேலி தாண்டிய கஞ்சி

என் அப்பாவை எல்லார் முன்னாலும் அறைந்த மண்டோரை, எங்கள் தோட்டத்து மேஸ்திரியை, நான் பழிவாங்கினேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட அவசரகாலத்தில், தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயங்களை முள்வேலி சூழ்ந்திருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடிச் சோறுகூட வாசலைத் தாண்டவிடமாட்டார்கள். அப்போதுதான் விஷக்காய்ச்சல் பரவி, மாரியம்மன் திருவிழா நின்று, எல்லாரும் வீட்டோடு கிடந்தோம். வேலிக்கு வெளியே, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மண்டோரின் மனைவி படுத்திருந்தார். அங்கே சமையல்காரருக்கும் காய்ச்சல். மண்டோர் தண்ணீர் டின்னில் கஞ்சியை ஒளித்துக்கொண்டு போனார். தோட்டத்துக் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த நான் வாசல் காவலரிடம், “அந்த டின்ன தொறந்து பாருங்க” என்றேன்.

அவரைப் போலீஸ் லாரியில் ஏற்றியபோது என் வயிறு குளிர்ந்தது. மறுநாள்தான், அந்த அம்மாள் பட்டினியாகக் கிடப்பார் என்பது உறைத்தது. தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கி, கஞ்சியோடு போய், காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

“குடு தம்பி, குடிக்கிறேன். அவரு வந்து உன்ன என்ன செய்றாருன்னு பாக்க நான் உசுரோட இருக்கணும்லா” என்றார்.

பிழைத்து வந்த பின்னும் தினமும் என் வாசலில் சட்டியோடு நின்று, “கிராணி, கஞ்சி” என்பார். ரேஷனில் என் பங்கு அரிசிதான், மறுத்ததில்லை. மாதங்கள் கழித்து விடுதலையான மண்டோரும் கூட வந்து நின்றார். அடிக்கட்டும் என்று நின்றேன்.

அந்த அம்மாள்தான் சட்டியை நீட்டினார். “இன்னிக்கு ரெண்டு பேருக்கு ஊத்து.”

ஊற்றினேன். மண்டோர் அடித்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.