அக்காவுக்கு நட்சத்திரம் மாறிய கதை

ஆளின் முகத்தைப் பார்த்து உள்ளே விடும் மெஷின் ஒன்றை எங்கள் கம்பெனி வாசலில் போன மாதம் வைத்தார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் நான் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையையும் முருகனுக்கே விட்டுவிட்டு ஷிப்டுக்கு வந்து நின்றேன். மெஷின் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, யாரென்று தெரியவில்லை என்றது. பின்னால் ஒரு பஸ் கூட்டம் நிற்கிறது. வேறொருவனாக இருந்தால், “டேய், நான்தான்டா” என்று மெஷினைத் தட்டியிருப்பான். நானோ மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒருவேளை நான் நானில்லையோ என்று அரை நிமிஷம் நிஜமாகவே சந்தேகப்பட்டேன். சூப்பர்வைசர் வந்து, “இன்னா சார், வேண்டுதலா?” என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்.

மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற இந்தப் பயம் எனக்கு இன்று நேற்று வந்ததல்ல. ஆறாம் வகுப்பில் பிடித்தது.

அப்போது எங்கள் பக்கத்தில் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. பிள்ளைப்பாக்கத்தில் நேற்றுவரை ஏர் ஓட்டியவர் இன்று நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். அப்படி ஒரு நீலச் சட்டைதான் படப்பையிலிருந்து அக்காவைக் கேட்டு வந்தது. அக்கா அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் படிப்பதற்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தாள். அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, “அவ படிச்சி இன்னா ஆவப் போவுது? தையில முடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா வீட்டில் யாரோடும் பேசவில்லை. கல்யாணப் பெண் என்றால் வெட்கம் வரும், அதுதான் பேசாமலிருக்கிறாள் என்று நான் என் கூட்டாளிகளுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தர வேண்டும். மாப்பிள்ளை மெஷினோடு புழங்குகிறவராம். பேனாவில் எழுதுகிற ஜோசியமெல்லாம் அவருக்கு ஆகாதாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது, தெரியுமா? மனுசன்தான் தப்பு பண்ணுவான்” என்று இரண்டு நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலிருந்தால் அவர் பின்னால் தப்பித்திருக்கலாம்.

அப்பாவுக்கு வயலில் வேலை இருந்ததால் சுங்குவார்சத்திரத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அக்காவையே அனுப்பினார்கள். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? துணைக்கு என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுக்கிற துணை. அக்காவிடம் பேசினால் பதில் வராது என்பதால், பிறந்த விவரத்தை அம்மா என்னிடமே ஒப்படைத்தாள். “ஐப்பசி மாசம், செவ்வாக்கெழம, ராத்திரி ரெண்டு மணி. அடமழ. எங்க, சொல்லு பாக்கலாம்.” இங்கிலீஷ் தேதியையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். மழையையும் விடவில்லை.

சென்டரில் செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே கோயில் மாதிரி குளிர்ச்சி. கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போர்த்தியிருந்தார்கள். அதை விலக்கிவிட்டு உட்கார்ந்த அண்ணனிடம் நான் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். அவர் தட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“ராத்திரி ரெண்டு மணின்னா, செவ்வாக்கெழமயா புதன்கெழமயா? நல்லா யோசிச்சி சொல்லு தம்பி.”

“செவ்வாக்கெழமதாண்ணா. எங்கம்மாவே சொன்னாங்க. மழ வேற.”

“மழைய இதுல போட முடியாது” என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, அந்த எழுத்துக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தறி ஓடுவதுபோல் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு காகிதம் வெளியே வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளாகவே என்னிடம் பேசினாள். கமர்கட் வேண்டுமா என்று கேட்டாள்.

வீட்டில் காகிதத்தைப் பிரித்த அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்காவின் நட்சத்திரம் பூரம் என்று போட்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்து அவள் பிறந்ததிலிருந்து உத்திரம். மாப்பிள்ளை அனுஷம். பூரத்துக்கும் அனுஷத்துக்கும் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்று அந்தக் காகிதமே கடைசி வரியில் சொல்லிவிட்டது. மற்றப் பொருத்தம் எத்தனை இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் எங்கள் பக்கத்தில் தாலி ஏறாது.

“இன்னாடி இது? உத்திரம்னு சொல்லித்தான வருசா வருசம் அர்ச்சன பண்றோம்?” என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

எனக்கு வேறு கவலை. இத்தனை வருஷ அர்ச்சனையும் வேறு யாரோ ஓர் உத்திரத்துக்கல்லவா போய்ச் சேர்ந்திருக்கிறது! அவள் எங்கே நோகாமல் சுகமாக இருக்கிறாளோ!

அம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் அக்காவைப் பார்த்தாள். பிறகு, “எனுக்கு இன்னா தெரியும்? வலியில கெடந்தவ நட்சத்திரத்தயா பாத்துகினு இருந்தேன்? கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுன்னு நீங்கதான சொன்னீங்க” என்றாள்.

எங்கள் அம்மா யாரிடமும் தோற்றவளில்லை. பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், என் கணக்கு வாத்தியார் எல்லோரும் அவளிடம் தோற்றவர்கள். அப்படிப்பட்டவள் ஒரு துண்டுக் காகிதத்திடம் மறுபேச்சில்லாமல் தோற்றுப்போனாள். அப்படியானால் அந்த மெஷினுக்கு எவ்வளவு சக்தி இருக்க வேண்டும் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ரயில்வே நேரம் நடத்தினார். இருபத்துநாலு மணி முடிந்ததும் பூஜ்யம். ராத்திரி பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் அடுத்த நாள், அடுத்த தேதி. எனக்குப் பகீர் என்றது. எங்கள் வீட்டில் சேவல் கூவினால்தான் மறுநாள். அதுவரைக்கும் நேற்றைய ராத்திரிதான். அம்மா சொன்ன செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணி, கம்ப்யூட்டருக்குப் புதன்கிழமை! ஒரு நாள் முன்னால் தள்ளி அக்காவைப் பிறக்க வைத்துவிட்டேன். ஒரே நாளில் நிலா பூரத்திலிருந்து உத்திரத்துக்கு நகர்ந்திருக்கிறது. நல்ல பையனை, கம்பெனி பஸ்ஸில் போகிறவனை, அக்காவுக்கு இல்லாமல் செய்துவிட்டேன். பெல் அடித்ததும் பைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். தாமதித்தால் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிடும் என்று தோன்றியது. செருப்பு ஒன்று வழியிலேயே போயிற்று.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்த அப்ளிகேஷன் அப்பாவின் தொடைக்கு அருகில் கிடந்தது.

“படப்பக்காரனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். சரி, வேற எடம் அமையறவரைக்கும் சும்மா இன்னாத்துக்கு வூட்ல கெடக்கணும்? படிச்சிட்டுத்தான் போவட்டும்” என்றார். “கையெழுத்து எங்க போடணும், காட்டு.”

அக்கா குனிந்து இடத்தைக் காட்டினாள். அப்பா இடது கையால் பேனாவை வாங்கி, சோற்றுக் கையைத் தட்டிலேயே கழுவி, வலது கைக்கு மாற்றினார்.

“அப்பா!” என்று கத்தினேன். “செவ்வாக்கெழம இல்லப்பா! கம்ப்யூட்டர்ல...”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சட்டியில் பிசைந்து வைத்திருந்த சாம்பார் சாதத்தை அம்மா ஒரு பெரிய உருண்டையாக என் வாயில் திணித்துவிட்டாள். “பசியில கண்ணு இருண்டு கெழமல்லாம் ஒளர்றான் பாரு புள்ள” என்று சொல்லி, விழுங்குவதற்குள் இன்னோர் உருண்டை வைத்தாள். மூன்றாவது உருண்டை தொண்டையில் இருக்கும்போது அப்பா கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டார்.

அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாவணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் குலுங்கிக் குலுங்கி ஆடியது. பாவம், நீலச் சட்டை போய்விட்டதே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். வாய் நிறையச் சோற்றோடு அவள் பக்கத்தில் போய் நின்று, அவளுக்காக நானும் ஓவென்று அழுதேன். அதைப் பார்த்ததும் அவள் முதுகு இன்னும் வேகமாகக் குலுங்கியது.