கேரளாவா என்று கேட்ட கிளார்க்

ஜவ்வாது மலையில் புதூர்நாடு எங்கள் ஊர். எண்பதுகளில் பிளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணனை நச்சரித்து அழைத்துப்போய், அடிவாரத்துத் தனியார் கல்லூரியில் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே விடுதி கிடையாது என்பதைக்கூட யோசிக்கவில்லை.

மறுநாளே தபாலில் கார்டு வந்தது. அடுத்த நாள் காலையில் அரசுக் கல்லூரியில் நேர்காணல். அசல் சான்றிதழ்கள் கட்டாயம்.

ஜீப்புக்கு ஆள் சேரும்வரை பொறுக்காமல் இருவரும் நடந்தே இறங்கினோம். சேர்ந்துவிட்டால் மூன்று வருஷத்துக்குச் சான்றிதழைத் தர மாட்டார்களாம் என்று அண்ணன் வழியெல்லாம் புலம்பினான்.

தனியார் கல்லூரி கிளார்க் என்னைப் பார்த்ததும், "சாதிச் சான்றிதழ்ல மலையாளின்னு போட்டுக்கீதே, நீ கேரளாவாம்மா? வெளி மாநிலத்துக்கு ஃபாரமே வேற. உன்ன இன்னும் சேர்க்கல" என்றார்.

"இன்னா சார், நாங்க இந்த மலைதான்..." என்று ஆரம்பித்த அண்ணனைக் கிள்ளினேன்.

"சரிங்க சார், எல்லாத்தையும் குடுங்க, சரி பண்ணினு வர்றோம்" என்று வாங்கிக்கொண்டு ஓடினேன். மறுநாள் அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன்; அந்தக் கிளார்க்கிடம் திரும்பிப் போகவேயில்லை.

இன்று என் பிள்ளைகளை எங்கே சேர்த்தாலும் முதலில் நகலைத்தான் நீட்டுகிறேன். எந்தக் கல்லூரி என்று தீர்மானமான பிறகுதான் அசல் பையைவிட்டு வெளியே வரும். மலையாளி என்பது எங்கள் மலைச் சாதியின் பெயர் என்று விளக்குவதும் அதற்குப் பிறகுதான்.