சாய்ந்த வெயிலில் மண்மதில்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எலும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறையிலேயே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. ஊரில் பலருடைய விலா எலும்பு அவளுக்குப் பரிச்சயம், முகம்தான் மறந்துபோகும்.

அவளும் தங்கையும் வரன் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், போதும் என்று ஒரு தையல்கடைக்கு மேலே மாடிப் போர்ஷன் எடுத்துக் குடித்தனம் நடத்திவந்தார்கள். தங்கைக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. தலை நரைக்கத் தொடங்கிய வயதில், பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு மனைவி இழந்தவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தங்கைக்கும் பிடித்துப்போயிற்று. அக்காதான் முன்னின்று கல்யாணத்தை முடித்து, பெட்டி படுக்கையோடு ரயிலேற்றிவிட்டு வந்தாள்.

வந்தபிறகுதான் வீடு இவ்வளவு பெரிதா என்று இருந்தது. கீழே தையல் மெஷின்கள் நின்றதும் மாடியில் குழாய் சொட்டுவது காதில் விழும். தனி ஆளுக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் எதற்கு என்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து தாளிடுவதை விட்டுவிட்டாள்.

தங்கை போனில், "நீயும் இங்கயே வந்துடேன்க்கா" என்பாள்.

"புதுசா குடித்தனம் பண்றவங்க நடுவுல நான் எதுக்குடி, நந்தி மாதிரி" என்று சிரித்து வைத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் நின்றால் ஊரைச் சுற்றி வளைந்து போகும் ஒரு பச்சைக் கோடு தெரியும். வீடுகளுக்கு நடுவே அறுந்து, பஸ் டிப்போவுக்குப் பின்னால் எழுந்து, ரயில் பாதையைத் தாண்டி மறுபடி ஓடும். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் மேடு. எந்தக் காலத்திலோ, கல் ஒன்றுகூட வைக்காமல், கூடை கூடையாக மண் கொட்டி எழுப்பிய மதில் என்று துருப்பிடித்த அறிவிப்புப் பலகை ஒன்று சொன்னது. மண் எடுத்த பள்ளமே வெளிப்பக்கம் அகழியாயிற்றாம். இப்போது அதில் குப்பையும் கோரையும்தான்.

காலை ஷிப்டு முடிந்தால் பொழுது போகாது. பழைய கேமரா ஒன்றை வாங்கி, மதிலைத் துண்டு துண்டாக நடந்து படமெடுக்க ஆரம்பித்தாள். முதலில் எடுத்ததெல்லாம் குப்பைமேடு மாதிரியே விழுந்தது. அவளுக்குத் தெரியாத சங்கதியா இது? எக்ஸ்ரே மேஜையில் காலைக் கொஞ்சம் திருப்பி வைத்தால்தானே எலும்பில் விரிசல் தெரிகிறது. சாயங்காலம், வெயில் படுத்து விழும் நேரத்தில் போய்ப் பார்த்தாள். மேடு வேறாகவும் பள்ளம் வேறாகவும் பிரிந்து நின்றன. உச்சியிலிருந்து அகழிவரை ஒரே சரிவாக நிழல் இறங்கியது. அன்று இருட்டும்வரை அங்கேயே நின்றாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.

டிப்போவைத் தாண்டி மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு வீடு இருந்தது. அதில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தனியாக இருந்தார். கேமராவைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"எந்த ஆபீஸ்?"

"ஆபீஸ் எல்லாம் இல்லீங்கய்யா. சும்மா எடுக்கறேன்."

"சும்மா யாராவது மண்ணைப் படம் எடுப்பாங்களா? வீட்டை அளக்கத்தானே வந்திருக்க?"

"நான் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவ."

"அப்ப மேட்டுக்கு எலும்பு முறிஞ்சிருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனாலும் அவள் அந்தப் பக்கம் போவதை விடவில்லை. அவரும் வாசலுக்கு வந்து முறைப்பதை விடவில்லை. ஒருநாள் அவளே கேமராவை நீட்டி, எடுத்த படங்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுவா நம்ம மேடு? இத்தனை வருஷமா இதுமேல சாஞ்சுக்கிட்டுதான் இருக்கேன். ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்ல."

பிறகு அவரே கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். அங்கே, யாரும் தொடக்கூடாத அந்தப் பழைய மதிலைக் குடைந்து ஒரு குளியலறை கட்டியிருந்தார். அவர் பயந்ததன் காரணம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இதை மட்டும் விட்டுடும்மா."

"குளிக்கிற இடத்தை எவ படம் எடுப்பா?" என்றாள். அப்போதுதான் அவர் சிரித்து அவள் பார்த்தாள்.

அதிலிருந்து வாசலில் இரண்டு நாற்காலி கிடக்கும். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இராது. ஓட்டிய வண்டியைப் பற்றி அவர் சொல்வார், தங்கையைப் பற்றி அவள் சொல்வாள். வெயில் சாய்ந்ததும் எழுந்து போவாள்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் அவள் போனபோது வாசல் கதவு திறந்து கிடந்தது, நாற்காலிகள் நனைந்திருந்தன. கூப்பிட்டால் பதில் இல்லை. கொல்லையில் மதில் சரிந்து, குளியலறையின் பின்சுவரை உள்ளே தள்ளியிருந்தது. கதவு உள்ளே தாளிட்டிருந்தது. காதை வைத்தபோது, "யாரு?" என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"நான்தான்யா. அசையாதீங்க."

பக்கத்து வீட்டு மெக்கானிக் கடப்பாரையோடு ஓடிவந்து கதவைப் பெயர்த்தார். உள்ளே மண்ணும் செங்கல்லும் டிரைவரைத் தொடைவரை மூடியிருந்தன. அவள் கையாலேயே அள்ளினாள். எப்போதோ யாரோ கூடையில் சுமந்து வந்து கொட்டிய மண் நகக்கண்ணெல்லாம் ஏறியது.

எக்ஸ்ரே மேஜையில் அவரைப் படுக்கவைத்துக் காலைத் திருப்பியபோது வலியில் பல்லைக் கடித்தார். பிறகு, "மேட்டை எடுத்த, இப்ப என்னையும் எடுக்கற" என்றார். தொடை எலும்பு இரண்டாக நின்றது. நெடுநாள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதல்ல. ஆனால் இந்த முறை முகம் மறக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

வெளியூரிலிருந்து டிரைவரின் மகன் வந்தார். நல்ல மனிதர்தான். நன்றி சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவைத் தன் ஊருக்கே கூட்டிப்போனார். மதில் சரிந்ததைப் பார்வையிட வந்த அதிகாரிகள் வீட்டையும் பார்த்தார்கள். அதை இடிக்க மகன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். சில வாரங்களில் வீடு இருந்த இடம் தரையாயிற்று. சரிந்த மண்ணை ஏற்றிக் கெட்டிப்படுத்தி, புல் பதித்தார்கள்.

புல் பிடித்தபிறகு ஒரு சாயங்காலம் அவள் போனாள். தடுக்க எதுவுமில்லாமல் டிப்போவிலிருந்து ரயில் பாதைவரை மதில் ஒரே வளைவாக ஓடியது. அதுவரை எடுத்ததில் இதைவிட நல்ல படம் இல்லை. போன் வழியாக அதை அவருக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் பேசிப் பதிந்து அனுப்பிய பதில் போனில் வந்தது. "நல்லா விழுந்திருக்கும்மா. நம்ம வீடு இருந்திருந்தா இப்படி விழுந்திருக்காது, இல்ல?"

அவள் மேட்டின்மேல் உட்கார்ந்து என்ன சொல்வது என்று யோசித்தாள். இல்லை என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில், "இங்க உட்கார நாற்காலி இல்லய்யா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, கேமராவை உறையில் போட்டாள். அகழிக்குள் நிழல் நிறைந்துவிட்டது. ரயில் பாதைக்கு அப்பால் அவள் இன்னும் நடக்காத மதில் மிச்சமிருந்தது. அந்தப் பக்கமாக நடந்தாள்.