கொடியேறும் காலையில் ஒரு மலர்வளையம்

ஜூலை 26, காலை ஏழு மணி பத்து நிமிடம். பனிமய மாதா கோயில் முன்பு நான் முதலில் பார்த்தது, ரெஜினா அக்காவின் கையிலிருந்த பால் செம்பு.

தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக... அன்று மாதா திருவிழாவின் கொடியேற்றம். நேர்ந்துகொண்டவர்கள் கொடிமரத்தின் அடியில் பால் ஊற்றுவார்கள். கார்கில் வெற்றி தினமும் அதே நாள்தான்; பக்கத்து மைதானத்து நினைவுத் தூணில் அஞ்சலி நடக்கும். ரெஜினா அக்கா எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். ராணுவத்திலிருந்த அவர் கணவர் அந்தப் போரில் இறந்தவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நெஞ்சில் பதக்கங்கள். உடன்குடிக்காரர், ஓய்வுபெற்ற ஹவில்தார் சுடலைமுத்து. அக்காவின் கணவரோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். அக்காவை அண்ணி முறையில் 'மயினி' என்பார்.

"மயினி, மைதானத்துல எல்லாரும் வந்தாச்சு. மொத மலர்வளையம் நீங்கதான் வைக்கணும்."

"ஒடம்பு சரியில்ல தம்பி."

"வருசா வருசம் இந்தத் தேதிக்குச் சரியா ஒங்களுக்குக் காய்ச்சல் வந்துருது. எந்த டாக்டர்ட்ட காட்டுதிய? எனக்கும் சொல்லுங்க. எம்பொண்டாட்டி ஜவுளிக்கடைக்குக் கூப்புடுதப்ப ஆவும்."

அக்கா சிரித்துவிட்டார். ஆனால் நகரவில்லை.

இந்த நினைவு நாள் எப்படி வந்தது? 1999 மே மாதம் தொடங்கிய சண்டை, ஜூலை 26 அன்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தேதியே நிலைத்துவிட்டது. முதல் உலகப் போருக்கும் அப்படித்தான் — 1918 நவம்பர் 11, துப்பாக்கிகள் ஓய்ந்த நாள். வேறு எந்த நாளைத்தான் வைக்க முடியும்? இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால், போர் முடிந்த நாள்தான் மிச்சம்.

ஆனால் அந்த நாளை ஒரு வீடு எப்படிக் கழித்தது என்று யார் கேட்கிறார்கள்?

"அன்னைக்கு டீவில சண்ட முடிஞ்சுட்டுன்னு சொன்னான் தம்பி" என்றார் அக்கா. "அவுக நல்லபடியா வந்தா பால் ஊத்துதேன்னு மாதாட்ட நேர்ந்திருந்தேன். இனிமே வந்துருவாகன்னு ஓடியாந்து ஊத்திட்டேன். நின்னவளுக்கெல்லாம் பழம் குடுத்தேன். மறுநாள்தான் சேதி வந்துச்சு. நான் பால் ஊத்துதப்பவே அவுக உசுரோட இல்ல."

அக்கா செம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவுக அங்கன செத்துக் கெடக்காக. நான் இங்கன சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வருசா வருசம் வாரேன். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எல்லாரு முன்னாலயும் எப்படி மலர்வளையம் வைக்க?"

ஹவில்தார் தொப்பியைக் கழற்றினார். மீண்டும் போட்டுக்கொண்டார்.

"மயினி, அன்னைக்கு அண்ணன் மலை மேல. நான் கீழ முகாம்ல. முடிஞ்சுட்டுன்னதும் லட்டு குடுத்தாவ. நான் ரெண்டு எடுத்தேன். நம்மூர்க்காரன் ஒருத்தன், 'ஏலே, ஒனக்கு மட்டும் ரெண்டா?'ன்னான். ஒண்ணு அண்ணனுக்குன்னேன். பொறவு... அவரு எறங்கி வாரதுக்குள்ள கெட்டுப் போயிரும்னு அதையும் நானே தின்னுட்டேன்."

புறங்கையை வாயருகே கொண்டுபோனார். "தின்னுட்டு வாயத் தொடைக்கேன், சேதி வருது."

வெற்றி அறிவிப்பு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. மரணச் செய்தி வீடு வீடாகத்தான் போனது. அந்த இடைவெளியில் சிரித்தவர்கள் செய்தது தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதைச் சொல்லும் தகுதி அங்கே, லட்டு தின்ற ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் சொல்லிவிட்டார்.

அக்கா பக்கத்தில் நின்ற பெண்ணிடம் செம்பைக் கொடுத்தார். "ஏளா, எனக்கும் சேத்து ஊத்திரு." பிறகு ஹவில்தாரிடம், "வண்டி எங்கன நிக்கி?" என்று கேட்டார்.

மைதானம் பக்கத்தில்தான்; நடந்தே போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். அக்கா மலர்வளையத்தை நினைவுத் தூணின் அடியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். ஹவில்தார் சல்யூட் அடித்தார். பியூகிள் வாசிப்பவர் கருவியை உதட்டருகே கொண்டுபோனார்.

கோயிலில் அப்போது கொடி ஏறியிருக்க வேண்டும். அது ஏறியதும் துறைமுகத்தில் நிற்கும் இழுவைக் கப்பல்கள் சங்கு ஊதுவது வழக்கம். அன்றும் ஊதின. விட்டு விட்டு, நீளமாக.

பியூகிள்காரர் கருவியை இறக்கிக்கொண்டு காத்திருந்தார். சங்கு அடங்கிய பிறகு வாசித்தார்.